பூனை வாயிலிருந்து மீட்ட குஞ்சுக்கு முதல் இரவில் செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வி "என்ன தீனி கொடுக்கலாம், எத்தனை நாள் வளர்த்துப் பறக்கவிடலாம்" என்று முடிகிறது. அதற்கு முன்னால் போகிற போக்கில் நான்கு விஷயங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். இன்று மாலை பூனையின் வாயிலிருந்து எடுத்தேன், ஒரு துளி ரத்தம்கூட இல்லை, தொட்டால் சில்லென்று இருக்கிறது, டிராப்பரில் விட்ட பால் மூக்கு வழியே வெளியே வந்துவிட்டது. பாதி இறகு முளைத்த குஞ்சு என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றைச் சேர்த்துப் படித்தால், தீனியைவிட அவசரமான ஒன்றுக்குத்தான் உங்களுக்குப் பதில் தேவை: இந்தக் குஞ்சு நாளைக் காலைவரை உயிரோடிருக்க என்ன செய்ய வேண்டும், எதை உடனே நிறுத்த வேண்டும்? அதிலிருந்து தொடங்குகிறேன். பறக்கவிடுவது கடைசியில்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் கால்நடை மருத்துவர் இல்லை. காயம்பட்ட காட்டுயிர்களைப் பராமரிக்கும் மையம் ஒன்றில் பயிற்சி எடுத்துக்கொண்டு 16 ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறேன். பெட்டி, சூடு, தீனி, திரும்ப விடுவது இவையெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டால் சொல்ல மாட்டேன். குஞ்சைக் கையில் எடுத்து, எடை போட்டுப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை அவை.

முதலில் ஊட்டுவதை நிறுத்துங்கள். சிறு பறவைகளின் உடல் வெப்பம் இயல்பிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், நம்முடையதைவிட அதிகம். நலமாயிருக்கும் குஞ்சை உள்ளங்கையில் வைத்தால் இளஞ்சூடாகத்தான் தெரியும். சில்லென்று இருக்கிறது என்றால் அது நன்றாகவே குளிர்ந்துபோய்விட்டது என்று பொருள். குளிர்ந்த உடலில் செரிமானம் கிட்டத்தட்ட நின்றுவிடும். அந்த நிலையில் ஊட்டுவது கழுத்தடியில் உள்ள தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். முதலில் சூடு, பிறகு உடலில் நீர், அதற்கும் பிறகுதான் தீனி. எங்கள் மையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இந்த வரிசையைத்தான், பறவையானாலும் அணில் குட்டியானாலும். மாற்றிச் செய்து பிழைத்தவையும் உண்டு. அவற்றை வைத்து யாராவது வாதாடினால் நம்பாதீர்கள்.

ஓர் அட்டைப்பெட்டி எடுங்கள், பக்கங்களில் காற்றுத் துளை போடுங்கள். அடியில் வழவழப்பான பழைய பருத்தித் துணி போதும். நூல் சுருள் சுருளாக நிற்கும் குளியல் துண்டு வேண்டாம். நகம் சிக்கிக்கொண்டு இழுக்கும்போது விரல் முறிந்த குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணியையே ஒரு கிண்ணம் போலக் குழித்து நடுவில் குஞ்சை வையுங்கள். கால்கள் உடலுக்கு அடியில் மடங்கியிருக்க வேண்டும், பக்கவாட்டில் பரப்பிக் கிடக்கக் கூடாது. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும், உருளாதபடி வையுங்கள். மறு பக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும். பாதி இறகு வந்த குஞ்சுக்கு அதைச் சுற்றி 30 டிகிரியை ஒட்டிய சூடு போதும். வாயைத் திறந்து இளைத்தாலோ, கழுத்தை நீட்டி இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்தாலோ சூடு அதிகம். பாட்டிலைத் தள்ளி வையுங்கள். மறக்கக் கூடாத ஒன்று: பாட்டில் ஆறிப்போனால் அதுவே குஞ்சின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து மாற்றத்தான் வேண்டும்.

பெட்டியை மூடி, இருட்டான, சத்தமில்லாத அறையில் வைத்துவிடுங்கள். பூனை அந்தக் கதவுப் பக்கமே வரக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது, தலையைத் தடவிக் கொடுப்பது, குழந்தைகளுக்குக் காட்டுவது எதுவும் வேண்டாம். நாம் தடவிக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கோ தன்னைவிடப் பல நூறு மடங்கு பெரிய விலங்கு ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். "கையில் வைத்தால் அமைதியாகத் தூங்குகிறது" என்று பலர் எழுதுவார்கள். பெரும்பாலும் அது தூக்கமல்ல, பயத்தில் உறைந்து கிடப்பது. பிடித்துத் தூக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்கு மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை பறவைகளுக்குக் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் மூச்சு நடக்கிறது. மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் அது மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

இனி அந்தப் பால். பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு தொடங்கும் அடிப்பகுதியில் ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நமக்கு இருப்பது போல விழுங்கும்போது அதன்மேல் கவிகிற மூடி அங்கே இல்லை. ஆகவே டிராப்பரிலிருந்து விழும் துளி நேராக நுரையீரலுக்குப் போக நல்ல வாய்ப்பு உண்டு. மூக்கில் வந்தது என்றால் வாய் நிறைந்து தவறான பக்கம் போயிருக்கிறது. உள்ளே எவ்வளவு இறங்கியது என்று எழுத்தில் படித்து யாராலும் சொல்ல முடியாது. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, வாயைத் திறந்து வைத்தே மூச்சு விடுகிறதா, 'டிக் டிக்' என்றோ ஈரமாகவோ ஒலி வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, மூக்கை உறிஞ்சுவது போன்ற வித்தைகளும் வேண்டாம், அவை நிலைமையை மோசமாக்கும். பாலைப் பொறுத்தவரை, சரியாகவே விழுங்கியிருந்தாலும் பயனில்லை. பறவைகள் பாலூட்டிகள் இல்லையே, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவற்றுக்குக் கிடையாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி "ஒரு துளி ரத்தம்கூட இல்லை, அதனால் பயமில்லை" என்பது. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. அது குத்தினால் தோலில் ஏற்படும் துளை இறகுக்கடியில் ஒளிந்துகொள்ளும், உடனே மூடியும் கொள்ளும். அதற்குள் பூனையின் எச்சில் உள்ளே போய்விட்டிருக்கும். அந்த எச்சிலில் சாதாரணமாகவே வாழும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா சிறு உயிர்களின் ரத்தத்தில் பரவினால், பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் கதை முடிந்துவிடும். பூனைக்கு எந்த நோயும் இருக்க வேண்டியதில்லை, சாதுவான வீட்டுப் பூனையின் வாயிலும் அது இருக்கும். நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இப்படி ஒரு பறவை வந்தது. காயமே காணோம், காலையில் துள்ளி நின்றது, தானாகத் தீனியும் எடுத்தது. மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்தேன். மறுநாள் மாலை இறக்கையை ஒரு பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, இரவுக்குள் போய்விட்டது. பிறகு இறகை ஈரப்படுத்தி விலக்கிப் பார்த்தால், முதுகில் எதிரெதிராக இரண்டு புள்ளிகள், சுற்றிலும் பச்சையும் கருநீலமும். அன்றிலிருந்து என் வழக்கம் ஒன்றுதான். பூனை வாயில் போன எதுவானாலும், கீறல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோயாளி. பூனை கவ்விய ஒவ்வொன்றுக்கும் தொற்று வருமா என்றால், வராது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதால்தான் எல்லாவற்றுக்கும் கொடுக்கிறார்கள். எத்தனை மணி நேரத்துக்குள் தொடங்குகிறார்கள் என்பதில்தான் பிழைப்பதும் பிழைக்காததும் பெருமளவு இருக்கிறது. இன்றிரவே ஒரு மருத்துவரையோ காட்டுயிர் மீட்பு மையத்தையோ தொலைபேசியில் பிடித்துவிட முடியுமா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, வேறு யாராவது எடுத்த பறவையில் ரத்தம் தெரிந்தால் அளவைக் கவனிக்க வேண்டும். பறவையின் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். 20 கிராம் எடையுள்ள பறவைக்கு மொத்தமே 2 மில்லி. நமக்கு நாலு சொட்டாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடிப்பதுதான் வீட்டில் செய்யக்கூடியது. களிம்பும் எண்ணெய் மருந்தும் இறகில் படவே கூடாது, ஒட்டிக்கொண்டால் உடல் சூட்டைக் காக்கும் திறனே போய்விடும். இறக்கை எலும்பு உடைந்து வெளியே தெரிந்தால் கிருமிநாசினியை ஊற்றிக் கழுவாதீர்கள். பல பறவைகளுக்குத் தோளை ஒட்டிய மேல் எலும்பு உள்ளே வெற்றிடமாக, காற்றுப்பையோடு இணைந்திருக்கும். எலும்பில் ஊற்றுவது மூச்சு மண்டலத்துக்குள் இறங்கும். பறவை எலும்பு பாலூட்டிகளுடையதைவிட வேகமாக ஒட்டும், கோணலாக இருந்தால் கோணலாகவே ஒட்டிவிடும். "ஒரு வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்ட உடைந்த இறக்கை மறுபடி பறப்பது அரிது.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓர் உயிருக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் நஞ்சாகும் என்பதற்குப் பாறு கழுகுகளைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். தெற்காசியாவில் 1990களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றதால் சிறுநீரகம் செயலிழந்ததே காரணம் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கான அந்த மருந்தைத் தடை செய்தன. மனிதர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை அது.

தீனிக்கு வருகிறேன். குஞ்சு நன்றாகச் சூடாகி, தலையைத் தூக்கி, எச்சமும் போட்ட பிறகுதான் இது. அதுவும் மருத்துவரிடம் சேர்க்கும்வரை உள்ள இடைவெளிக்கு மட்டும். எந்தப் பறவை என்று தெரியாமல் சரியான தீனியைச் சொல்ல முடியாது. நீங்கள் படம் எதுவும் போடவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: தானியம் தின்னும் சிறு பறவைகளில் பலவும் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைத்தான் ஊட்டுகின்றன, ஆகவே ரொட்டியும் தானியக் கஞ்சியும் வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது. தொட்டால் வாயை அகலத் திறக்கும் குஞ்சானால், பூனைக்குட்டிகளுக்கான உலர் தீனியை வெதுவெதுப்பான நீரில் பஞ்சு போல ஊறவைத்து, சொட்டாதபடி பிழிந்து, அரிசி அளவு துண்டுகளை மழுங்கிய குச்சியின் முனையில் வைத்து வாயின் உட்பக்கத்தில் கொடுக்கலாம். தேவையான நீரும் அதிலேயே போய்விடும், தனியாகத் தண்ணீர் விட வேண்டாம். வாயைத் திறக்காவிட்டால் பிளந்து திணிக்காதீர்கள். புறாக் குஞ்சுக்கு இந்த முறை பொருந்தாது. அது வாயைப் பிளந்து கேட்காது, தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து உறிஞ்சிக் குடிக்கும், முதல் நாட்களில் பெற்றோரின் தீனிப்பையில் சுரக்கும் பாலைத்தான் உண்ணும். நீண்ட கத்தி போன்ற இறக்கையும் மிகக் குட்டையான கால்களும் கொண்ட உழவாரன் பெரும்பாலும் வாயே திறக்காது, அதற்குப் பழகிய கை வேண்டும். கூட்டுக் குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அரை மணிக்கு ஒரு முறையாவது ஊட்ட வேண்டும், இரவில் வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே செய்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு நாள் போட்டுப் பார்க்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விலகல். தரையில் கண்ட எல்லாக் குஞ்சும் அநாதை இல்லை. உடல் முழுக்க இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாயும் தந்தையும் அருகிலேயே இருந்து தரையில் வைத்தே ஊட்டும். நம் கையில் வரும் "மீட்கப்பட்ட" குஞ்சுகளில் கணிசமானவை இப்படி நல்ல நிலையில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவை. இறகே முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால், கூடு தெரிந்தால், சூடாக்கித் திரும்பக் கூட்டில் வைத்துவிடலாம். மனிதர் தொட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. அணில் தாயும் அப்படித்தான், விழுந்த குட்டியைச் சூடாக்கி மரத்தடியில் வைத்து நாம் விலகி நின்றால், வாயில் கவ்விக்கொண்டு இன்னொரு கூட்டுக்குப் போய்விடும். முயலோ நாளின் பெரும்பகுதி குட்டியை வேண்டுமென்றே தனியாக விட்டுவைக்கும், பாலூட்ட மட்டும் வந்து போகும். உங்கள் குஞ்சுக்கு இதெல்லாம் பொருந்தாது, பூனை தொட்டுவிட்டது. ஆனால் அதே இடத்தில் அதன் உடன்பிறப்புகள் இருக்கலாம். இரண்டு வாரத்துக்குப் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

உங்கள் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சமையலறையில் பெட்டியை வைக்காதீர்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்தோ, தலை திருகிச் சுழன்றுகொண்டோ கிடந்தால் தொடாமல் அதிகாரிகளிடம் சொல்லுங்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வௌவாலை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். அதன் கடி கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருக்கும், ரேபிஸ் வந்துவிட்டால் மருந்து இல்லை. எந்தப் பாலூட்டி கடித்தாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"எத்தனை நாளில் பறக்கவிடலாம்" என்ற கேள்விக்கு நாள் கணக்கு சொல்லத் தயங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் வளர்த்த குஞ்சு பறப்பது வேறு, வெளியே பிழைப்பது வேறு. தனியாக மனிதர் கையில் வளர்வது நம்மையே தன் இனம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லாரன்ஸ் வாத்துக் குஞ்சுகளை வைத்து விளக்கிக் காட்டியது இதைத்தான், 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். எல்லா இனத்திலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை, ஆனால் மனிதரிடம் பயம் போன பறவை அடுத்த பூனையைக் கண்டும் தப்பி ஓடாமல் தயங்கி நிற்கும். பிறகு எலும்பு. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் கால் வளைந்துவிடும். சன்னல் ஓரம் வெயிலில் வைக்கிறேன் என்பார்கள், எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர் சன்னல் கண்ணாடியைத் தாண்டாது. இறகும் கணக்கு வைத்திருக்கும். தீனி மோசமான நாளில் முளைத்த பகுதி மெல்லிய கோடாகப் பலவீனப்பட்டு, பின்னால் அந்த இடத்தில் ஒடியும். மறுபடி இறகு உதிர்ந்து முளைக்க மாதங்கள் ஆகும். மையங்களில் அதே இனக் குஞ்சுகளோடு சேர்த்து வளர்ப்பதும், பெரிய கூண்டில் பறக்கப் பழக்கி, கதவைத் திறந்துவைத்துச் சில நாள் தீனியும் வைப்பதும் இதனால்தான். பல நாடுகளில் காட்டுப் பறவையை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றமும்கூட.

எங்களுக்குள்ளேயே முடிவாகாத விஷயங்களும் உண்டு. திரும்ப விட்ட சிறு பறவைகளில் எத்தனை ஓராண்டு தாண்டுகின்றன என்பது அவற்றில் முதன்மையானது. 20 கிராம் உடம்பைப் பின்தொடர்வது எளிதல்ல. நான் விட்டவற்றில் மறுபடி பார்த்ததாகச் சத்தியம் செய்யக்கூடியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். எலிக்கு வைத்த பசைப் பொறியில் ஒட்டிக்கொண்ட பறவையை எண்ணெய் தடவி எடுப்பதா, பசைமேல் காகிதத் துண்டுகளை ஒட்டிவிட்டு அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோவதா என்பதிலும் இரு கட்சி உண்டு. எண்ணெயில் நனைந்து குளிரில் போனவற்றைக் கண்டதால் நான் இரண்டாவது கட்சி. மருத்துவர் பார்த்துவிட்டு, வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று சொல்லும் நாளும் வரும். முதல் சில முறை நானும் எதிர்த்துச் சண்டை போட்டேன். முதுகெலும்பு முறிந்த ஒன்றை நான்கு நாள் வைத்திருந்து பார்த்த பிறகு சண்டையை விட்டுவிட்டேன்.

இப்போது பெட்டியை மூடி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். குஞ்சை எடுத்த இடத்தையும் நேரத்தையும் பெட்டியின் மேல் எழுதிவையுங்கள், பிழைத்தால் அங்கேதான் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். விடிந்ததும் துணியில் எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையோடு பழுப்போ கருமையோ கலந்து திரண்டிருந்தால் பூனை பிடிப்பதற்கு முன் சாப்பிட்டது இறங்கியிருக்கிறது. வெள்ளையும் பளிச்சென்ற பச்சை நீருமாக மட்டும் இருந்தால் குடல் வெறுமையாக இருக்கிறது. அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், பால் மூக்கில் வந்ததையும் சேர்த்து.